திருடனைத் தேடும் முன் இடத்தைப் பாருங்கள்: தெருப் பாதுகாப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் நகரில் ஒன்றரை வருடத்துக்குள் மூன்று செயின் பறிப்பு நடந்தது. மூன்றும் ஒரே முனையில். மூன்றாவது முறை கீழே விழுந்த அம்மாவுக்குத் தோள் எலும்பு உடைந்தது. இன்றும் அவரால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அன்று இரவு குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. கேமரா வைக்கணும், கூர்க்கா போடணும், போலீஸ் ரோந்து வரணும். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மட்டும் எழுந்து, "நம்ம நகர்ல இருபது முனைக்கு மேல இருக்கே, மூணு தடவையும் ஏன் அங்கேயே நடக்குது?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

மறுநாள் காலை ஆறு பேர் அங்கே போய் நின்று பார்த்தோம். இரண்டு பக்கமும் காலி மனை, ஆள் உயரத்துக்குக் கருவேல முள். தெருவிளக்கு இருந்தது, ஆனால் புங்க மரத்தின் கிளைக்குள் புதைந்து கிடந்தது. ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் மெயின் ரோட்டைப் பார்த்து, தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். பைக்கில் வருபவன் பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு இருபது அடியில் சர்வீஸ் ரோட்டில் ஏறிவிடலாம். அந்த முனையைப் பார்த்தபடி ஒரு வீட்டு ஜன்னல்கூட இல்லை. திருடன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவன் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

இந்த வழிகாட்டி அந்தப் பத்து நிமிடத்தை எப்படி முறையாகச் செய்வது, அதற்கப்புறம் யார் யாரைச் சேர்த்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றியது. உங்கள் தெரு, அடுக்குமாடிக் குடியிருப்பு, ஊராட்சி எதுவானாலும் பொருந்தும்.

இது எங்கிருந்து வந்த யோசனை

1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். தெருவைப் பாதுகாப்பது முதலில் போலீஸ் இல்லை. தெருவின் மேல் இருக்கும் கண்கள். கடைக்காரர், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டி, வாசலில் விளையாடும் பிள்ளைகள், இவர்களுடைய கண்கள். 1971இல் ரே ஜெஃப்ரி என்ற குற்றவியலாளர் சூழலை வடிவமைத்துக் குற்றத்தைத் தடுப்பது என்ற பெயரையே இதற்கு வைத்தார். அடுத்த வருடமே ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர், அடுக்குமாடிகளில் யாருக்கும் சொந்தமில்லாத நடைபாதைகளிலும் மாடிப்படிகளிலும் ஏன் குற்றம் கூடுகிறது என்று எழுதினார்.

நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. திண்ணை இருந்த தெருவை நினைத்துப் பாருங்கள். வழிப்போக்கன் உட்கார இடம், வீட்டுக்காரருக்குத் தெருவைப் பார்க்க இடம், இரண்டும் ஒன்றே. புது ஆள் யாராவது வந்தால் "யாரு வீட்டுக்குப்பா?" என்ற கேள்வி தானாக வரும். திண்ணையை இடித்து ஏழடி காம்பவுண்டு சுவர் எழுப்பினோம். இன்று ஒருவன் சுவர் ஏறி உள்ளே குதித்துவிட்டால், அந்தச் சுவரே அவனைத் தெருவின் பார்வையிலிருந்து மறைக்கிறது.

கூட்டாகப் பிரச்சினையைத் தீர்க்கும் முறை இன்னொரு கிளையிலிருந்து வந்தது. 1979இல் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் என்ற பேராசிரியர், போலீஸ் ஒவ்வொரு புகாராக ஓடிக்கொண்டிருக்காமல் புகார்களுக்கு அடியில் இருக்கும் பிரச்சினையைப் பிடிக்க வேண்டும் என்றார். 1980களில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே நியூ பிரையர்ஃபீல்டு என்ற குடியிருப்பில் ஓயாத வீட்டுத் திருட்டு. விசாரிக்கப் போனவர்கள் வீடு வீடாகக் கேட்டதில் கட்டடங்களின் நிலைமைதான் முதல் புகாராக வந்தது. மூடாத கதவு, உடைந்த ஜன்னல், திருடர்கள் ஒளிந்துகொள்ள வசதியான ஆளில்லா வீடுகள். நகர நிர்வாகத்தின் பல துறைகளும் சேர்ந்து குப்பையை அள்ளி, உடைந்ததைச் சரிசெய்து, காலி வீடுகளை அடைத்தன. திருட்டு 35 சதவீதம் குறைந்தது. அந்த வேலையிலிருந்து நான்கு படிகள் கிடைத்தன: கண்டுபிடி, அலசு, செய், சரிபார். கீழே வரும் எட்டுப் படிகளும் இந்த நான்கின் விரிவுதான்.

படி 1: யாரைக் கூப்பிடுவது

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேர் உட்கார்ந்து முடிவெடுத்தால் இது நடக்காது. அவர்களில் யாரும் காலை ஐந்தரைக்குத் தெருவில் இருப்பதில்லை. பால் போடும் பையன், பேப்பர் போடுபவர், தூய்மைப் பணியாளர், இஸ்திரி வண்டிக்காரர், முனை டீக்கடைக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், இவர்களுக்குத்தான் தெருவின் நேரம் தெரியும். எங்கள் முனையில் வழக்கமாக ஒரு பைக் நின்று நோட்டம் விடுகிறது என்று முதலில் சொன்னது கீரை விற்கும் அம்மா. ஒரு வருடமாக அவருக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் கட்டாயம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல சங்கங்கள் வீட்டு உரிமையாளரை மட்டும் கூப்பிடுகின்றன, அது தப்பு. உங்கள் பகுதிக்கு ரோந்து வரும் பீட் போலீஸாரையும் வார்டு கவுன்சிலரையும் இரண்டாவது கூட்டத்திலிருந்து அழைக்கலாம். முதல் கூட்டத்தில் மக்கள் மனம் விட்டுப் பேச வேண்டும்.

படி 2: பிரச்சினையை ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்க ஏரியாவுல திருட்டு ஜாஸ்தி" என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "நாலாவது குறுக்குத் தெரு முனையில், காலை 6 முதல் 8 வரை, ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் பெண்களிடம், பைக்கில் வருபவர்கள் செயின் பறிக்கிறார்கள்" என்பதுதான் பிரச்சினை. எங்கே, எப்போது, யாரிடம், எப்படி, நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும். பைக் திருட்டு வேறு, பூட்டிய வீட்டில் கைவரிசை வேறு, பூங்காவில் குடிப்பது வேறு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. ஒரு நேரத்தில் ஒன்றை எடுங்கள்.

படி 3: நோட்டும் வரைபடமும்

தெருவின் படம் ஒன்றைக் கையால் வரைந்தாலே போதும். கடந்த இரண்டு வருடத்தில் நடந்ததையெல்லாம் புள்ளியாக வையுங்கள். பக்கத்தில் தேதி, கிழமை, நேரம். நடந்து முடிந்ததோடு நடக்கவிருந்து தப்பியதையும் குறியுங்கள். ஆட்டப்பட்ட பூட்டு, பின்தொடர்ந்த பைக், பாதி கழற்றிய பேட்டரி.

இங்கே ஒரு சிக்கல் வரும். நிறைய பேர் புகாரே கொடுத்திருக்க மாட்டார்கள். "சின்ன சைக்கிள்தானே, ஸ்டேஷனுக்கு யார் அலைவது" என்பார்கள். தயவுசெய்து கொடுக்கச் சொல்லுங்கள், குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் பதிவாகாத திருட்டுக்கு ரோந்து வராது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்று 304 என்ற தனிப் பிரிவே இருக்கிறது.

புள்ளிகளைப் பார்த்தால் பெரும்பாலும் அவை சிதறிக் கிடக்காது. இரண்டு மூன்று இடங்களில் குவிந்திருக்கும். உங்கள் வேலை அங்கேதான்.

படி 4: நடந்து பாருங்கள், மூன்று முறை

குவிந்த இடத்துக்குக் காலையில் ஒருமுறை, மதியம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போங்கள். மதியத்தை விட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், வீட்டில் இருப்பவர்கள் தூங்குவார்கள். வெறிச்சோடிய அந்த நேரம் ஆளில்லா வீட்டைத் தேடுபவனுக்கு வசதி.

பெண்கள் சேர்ந்து நடந்து பார்த்துத் தணிக்கை செய்யும் முறை 1989இல் கனடாவின் டொராண்டோவில் மெட்ராக் என்ற அமைப்பில் உருவானது. இந்தியாவில் 2013இல் வந்த சேஃப்டிபின் செயலியும் அதே வழியில் இடத்துக்கு மதிப்பெண் போடுகிறது. வெளிச்சம், திறந்தவெளி, பிறர் கண்ணில் படுகிறோமா, ஆள் நடமாட்டம், நடைபாதை, பஸ் வசதி, பெண்களும் அங்கே இருக்கிறார்களா, மனதுக்கு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்கிறது. கடைசிக் கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். பதினைந்து வயதுப் பெண் "இந்த இடத்துல நான் ஓடிடுவேன்" என்று சொன்னால் அங்கே நின்று, என்ன பார்த்து அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கைநீட்டிக் காட்டுவாள்.

நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்:

- இங்கே நான் கத்தினால் யார் காதில் விழும்? எந்த ஜன்னலிலிருந்து என்னைப் பார்க்க முடியும்?
- எதிரே 10 முதல் 15 மீட்டரில் வருபவரின் முகம் தெரிகிறதா?
- ஒருவன் ஒளிந்து நிற்க எங்கே இடம் இருக்கிறது? ஓட எத்தனை வழி?
- இந்த இடம் யாருடையது என்று பார்த்தவுடன் தெரிகிறதா? குப்பையும் உடைந்த பாட்டிலும் எத்தனை நாளாகக் கிடக்கின்றன?

படி 5: ஏன் இங்கே?

1979இல் கோஹென், ஃபெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எளிமையாகச் சொன்னார்கள். குற்றம் நடக்க மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட வேண்டும்: செய்யத் துணிந்தவன், கைக்கு எட்டும் பொருள், பார்த்துத் தடுக்க ஆள் இல்லாமை. மூன்றில் ஒன்றை நீக்கினால் போதும். நாம் எப்போதும் முதலாவதையே பிடித்துத் தொங்குகிறோம். மற்ற இரண்டும்தான் நம் கையில் இருக்கின்றன.

சின்னத் தடைகூட எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மேற்கு ஜெர்மனி. அங்கே 1980இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். உயிர்காக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்த வருடம் சுமார் 1.5 லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு 1986இல் சுமார் 54 ஆயிரமாகச் சரிந்தது. பைக்கைத் திருடப் போகிறவன் கையில் ஹெல்மெட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சிக்னலில் மாட்டுவான். வழியில் போகும்போது சபலப்பட்டுத் திருடுபவன் அதோடு விட்டுவிட்டான். கார் திருட்டு அதற்கு ஈடாக ஏறவில்லை. ஒரு வழியை அடைத்தால் திருடன் வேறு வழியில் போய்விடுவான் என்ற நம் பழைய வாதம் எப்போதும் உண்மையில்லை.

இன்னொன்று இங்கிலாந்தில் ராச்டேல் ஊரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. 1980களின் நடுவில் அங்கே வீட்டுத் திருட்டு மிக அதிகம். போலீஸ், தண்டனை பெற்றவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தைத் துறை, பல்கலைக்கழகம், நகர மன்றம், மின் வாரியம் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்தன. திருடர்களிடமும் பேசினார்கள், திருட்டுக் கொடுத்தவர்களிடமும் பேசினார்கள். இரண்டு விஷயம் வெளிவந்தது. பல வீடுகளில் காசு போட்டால்தான் மின்சாரம் வரும் மீட்டர். அதாவது வீட்டுக்குள் ஓர் உண்டியல் எப்போதும் இருக்கிறது. அப்புறம், ஒருமுறை திருடப்பட்ட வீடுதான் மறுபடியும் திருடப்படுகிறது. மீட்டர்களை மாற்றினார்கள். திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்கள் அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். ஊருக்கே காவல் என்று இழுத்துப்போடாமல், அடிபட்ட வீட்டைச் சுற்றி ஒரு கூடு. 1986இல் 526ஆக இருந்த திருட்டு அடுத்த வருடம் 223ஆகக் குறைந்தது. இதை நாளைக்கே நம் தெருவில் செய்யலாம், ஒரு ரூபாய் செலவில்லை.

படி 6: இடத்தை மாற்றுங்கள்

*வெளிச்சம்.* நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில் மட்டும் விளக்குக் கோபுரங்களை வைத்து, வைக்காதவற்றோடு ஒப்பிட்டார்கள். இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. ஆனால் வெளிச்சம் என்றால் கண் கூசும் ஃபோகஸ் லைட் என்று அர்த்தமில்லை. ஒரே இடத்தில் பளீரென்று அடித்தால் பக்கத்து இருட்டு இன்னும் இருட்டாகும். அளவான வெளிச்சம் சீராகப் பரவ வேண்டும். புது விளக்கு கேட்கும் முன் இருப்பது எரிகிறதா, மரம் மறைக்கிறதா என்று பாருங்கள். எங்கள் முனையில் தேவைப்பட்டது ஒரு கிளை வெட்டுதல் மட்டுமே. கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். தெருவிளக்குப் பராமரிப்பு மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியின் வேலை. சென்னையில் 1913க்கு அழைக்கலாம்.

*செடியும் மரமும்.* கணக்கு எளிது. செடி மூன்றடிக்குக் கீழே இருக்கட்டும், மரத்தின் கிளை ஏழடிக்கு மேலே தொடங்கட்டும். நடுவில் இருக்கும் நான்கடி கண்ணுக்கு. மரத்தையே வெட்டிவிடாதீர்கள். நிழல் போனால் உட்காரும் ஆட்களும் போய்விடுவார்கள், அப்புறம் கண்களும் இல்லை.

*காம்பவுண்டு சுவர்.* புதிதாகக் கட்டுபவர்கள் கீழே மூன்றடி சுவர், மேலே கிரில் என்று கட்டுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், தெருவும் உள்ளே பார்க்கலாம். ஏற்கெனவே உயரமாகக் கட்டியவர்கள் கேட்டை மட்டுமாவது தகரம் அடிக்காமல் கம்பிக் கேட்டாக வைத்துக்கொள்ளலாம்.

*காலி மனை.* நம் ஊர்களில் இதுதான் பெரிய ஓட்டை. உரிமையாளர் வெளியூரில் இருப்பார், மனையில் முள்ளும் பாட்டிலும் சேரும். முதலில் உரிமையாளரைத் தொடர்புகொண்டு சுத்தம் செய்ய அனுமதி கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். எங்கள் முனையில் ஒருவர் சுத்தம் செய்யப் பணம் அனுப்பினார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை, உள்ளாட்சிக்குப் புகார் கொடுத்து நோட்டீஸ் போக வைத்தோம். சுத்தம் செய்த மனையைச் சும்மா விட்டால் ஒரு மழைக்கு மறுபடி முளைத்துவிடும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடட்டும், ஷட்டில் கோடு போடுங்கள். ஆள் புழங்கும் இடத்தில் முள் முளைக்காது.

*பூட்டிய வீடு.* திருடன் வீட்டைப் படிக்கிறான். வாசலில் இரண்டு நாள் பேப்பர், பால் பாக்கெட், கோலம் போடாத வாசல், பகலிலும் எரியும் வராண்டா லைட், வெளியே தொங்கும் பெரிய பூட்டு. இவையெல்லாம் "ஆள் இல்லை" என்று எழுதி ஒட்டியது போல. ஊருக்குப் போகும்போது பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டில் சொல்லி வாசல் தெளித்து ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கதவோடு சேர்ந்த உள்பூட்டு வையுங்கள். ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து போகும்போது பார்ப்பார்கள். கதவு எவ்வளவு கெட்டியானாலும் நாதாங்கி இரண்டு சின்னத் திருகாணியில் தொங்கினால் கடப்பாரைக்கு ஒரு நெம்பு போதும், நிலையையும் சேர்த்துப் பாருங்கள். பின்பக்கச் சன்ஷேடுக்கும் மொட்டை மாடிக்கும் ஏறும் வழியில் பைப்போ சாய்த்து வைத்த ஏணியோ இருக்கிறதா என்று பாருங்கள். மாடிக் கதவைத்தான் நாம் எல்லோரும் மறக்கிறோம்.

*நிற்கும் இடமும் நடக்கும் இடமும்.* பறிப்பவனுக்குப் பைக்கிலிருந்து கை எட்ட வேண்டும். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் தூண்களோ கனமான பூந்தொட்டிகளோ வைத்தால் அந்தக் கை எட்டாது. சக்கர நாற்காலி போகும் இடைவெளி விடுங்கள். நடைபாதையே இல்லாத தெருவில் சாலையின் வலது ஓரமாக நடந்தால் வண்டிகள் எதிரே வரும், பின்னாலிருந்து வராது. எங்கள் முனையில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தையே அறுபதடி தள்ளி டீக்கடை எதிரே மாற்றினோம். ஆட்டோக்காரர்கள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார்கள்.

*வண்டி.* அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தூண் மறைவில், கடைசி மூலையில் நிற்கும் பைக்தான் போகிறது. இரண்டு சக்கர வண்டிகளைப் படிக்கட்டின் பக்கம், வந்து போகிறவர்கள் கண்ணில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். சங்கிலி போட்டுப் பூட்டத் தரையில் ஓர் இரும்பு வளையம் பதித்தால் நல்லது.

*கடைகள்.* இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. பாதுகாப்பு என்ற பெயரில் பல நகர்களில் முதலில் துரத்தப்படுவது இஸ்திரி வண்டியும் பூக்கார அம்மாவும் தள்ளுவண்டியும். காலையிலிருந்து இரவுவரை தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆட்களை நாமே அனுப்பிவிட்டு, அப்புறம் கேமராவுக்குச் சந்தா வசூலிக்கிறோம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. இருண்ட முனைக்கு ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், மின்விளக்கு கொடுங்கள். கீரை அம்மா இப்போது அந்த முனையிலேயே உட்காருகிறார்.

*கேமரா.* வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னை போலீஸ் "மூன்றாவது கண்" என்று இதைப் பெரிய அளவில் செய்தது, பிடிபட்டவர்களும் உண்டு. ஆனால் 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. வாகன நிறுத்தங்களில் நல்ல பலன். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படி இல்லை. எனவே கேமரா கடைசியில் வரட்டும். வைத்தால், இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று ஒரு பைக்கை ஓட்டிப் பாருங்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறதா, எத்தனை நாள் பதிவு தங்கும், யார் மாதாமாதம் சரிபார்ப்பது என்று எழுதி வையுங்கள். யாருடைய படுக்கையறை ஜன்னலையும் அது பார்க்கக் கூடாது.

படி 7: யாரிடம் எதைக் கேட்பது

போலீஸிடம் "ரோந்து அதிகமாக்குங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "சரி சார்" என்ற பதிலோடு முடியும். வரைபடத்தோடு போய், "இந்த முனை, இந்த இரண்டு மணி நேரம்" என்று கேளுங்கள். ரோந்து வருபவர்கள் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை அந்த முனைக்கு அருகே உள்ள வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். காவல் துறையோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு, 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய காவலர் நண்பர்கள் இயக்கம் போன்ற முன்னுதாரணம் இருந்தது, 2020இல் தமிழக அரசு அதைத் தடை செய்தது. லத்தியைக் கையில் எடுக்கும் வேலை குடிமக்களுடையது இல்லை என்பதில் கறாராக இருங்கள்.

விளக்கு, குப்பை, முள், நடைபாதை உள்ளாட்சிக்கு. சாய்ந்த மின்கம்பம், தொங்கும் வயர் மின் வாரியத்துக்கு. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் பகுதி சபை. அங்கே தீர்மானமாகப் பதிவு செய்ய வையுங்கள். வாய்வழிக் கோரிக்கை காற்றோடு போகும். செலவு பெரிதானால் நமக்கு நாமே திட்டத்தைக் கேளுங்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ஏற்பாடு அது, பொதுவாக மூன்றில் ஒரு பங்கு நம்முடையது. உடனடி ஆபத்துக்கு 100 அல்லது 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த நான்கையும் டீக்கடைச் சுவரில் எழுதி வைத்தோம்.

செய்யவே கூடாதவை

வழியை ஒழுங்குபடுத்துவது இந்த முறையின் ஒரு பகுதி. வீடுகளின் பின்னால் ஓடும், யாரும் நடக்காத சாக்கடைச் சந்துக்கு ஒரு கேட் போடுவது நியாயம். ஆனால் அடுத்த தெரு மக்கள் நடக்கும் பொதுப்பாதையை மறிப்பது அநியாயம். சுவர் என்ற சொல்லுக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008இல்தான் இடிக்கப்பட்டது. அது போன்ற சுவர்களுக்கும் பாதுகாப்பைத்தான் காரணமாகச் சொன்னார்கள். உங்கள் கூட்டத்தில் "அந்தப் பக்கத்து ஆளுங்க வராம பண்ணணும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஓர் இடத்தைத் திருத்துகிறோம், ஒரு மக்கள் கூட்டத்தை இல்லை.

அதேபோல, பூங்காவில் பேசிக்கொண்டிருக்கும் இளைஞனையும் இளம்பெண்ணையும் விரட்டுவது, வடமாநிலத் தொழிலாளிகளை நிறுத்தி அடையாள அட்டை கேட்பது, சந்தேகப்பட்டவரின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பரப்புவது எதுவும் வேண்டாம். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாட்டில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். குழுவுக்கு ஒரு விதி வையுங்கள்: நேரம், இடம், நடந்தது மட்டும் எழுதலாம், ஆளைப் பற்றிய தகவல் நேராகப் போலீஸுக்கு.

படி 8: சரிபாருங்கள்

மாற்றம் செய்த தேதியை நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதே வரைபடத்தில் புதிய புள்ளிகளை வேறு நிறத்தில் வையுங்கள். அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். மார்கழி விடியலில் கோலம் போட வெளியே வரும் பெண்கள் அதிகம், மே விடுமுறையில் பூட்டிய வீடு அதிகம். மே மாதத்தை ஜூலையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துப் பாருங்கள். குற்றம் அங்கே நகர்ந்ததா என்று தெரிய வேண்டும். ஆய்வுகளில் பெரும்பாலும் நாம் பயப்படும் அளவுக்கு நகர்வதில்லை, சில சமயம் பக்கத்துத் தெருவுக்கும் நன்மை பரவுகிறது. இருந்தாலும் பார்க்காமல் சொல்லக் கூடாது.

புள்ளிகளை மட்டும் எண்ணாதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த முனையில் எத்தனை பெண்கள் நடக்கிறார்கள் என்று பத்து நிமிடம் எண்ணுங்கள், முன்பும் பின்பும். பயந்து யாரும் வெளியே வராததால் குற்றம் குறைந்திருந்தால் அது வெற்றி இல்லை.

எங்கள் முனையில் இரண்டு வருடமாகப் பறிப்பு இல்லை. மூன்று சம்பவம் சின்ன எண்ணிக்கை, எல்லாம் நாங்கள் செய்ததால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு சாயங்காலம் எண்ணியபோது பத்து நிமிடத்தில் நான்கு பெண்கள், போன மாதம் பத்தொன்பது. தோள் உடைந்த அம்மாவும் அவர்களில் ஒருவர். கீரை வாங்க வந்திருந்தார்.

பொறுப்பாளர்கள் மாறினால் நோட்டும் கை மாற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். புங்க மரம் மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி விளக்கை எட்டிவிடும். அதனால் எங்கள் நோட்டில் ஜனவரிப் பக்கத்தின் முதல் வரி: "கம்பம் எண் பார்த்து, கிளை வெட்டச் சொல்லணும்."